சுடாஅச் சுண்ணக்கல்: நூற்பாவும் உரையும்

கிளிங்கர் பாதி, இளஞ்சூ டேற்ற
களிமண் முப்பது, சுடாஅச் சுண்ணக்கல்
அதனிற் பாதி, ஜிப்சம் ஐந்தென
அளந்துடன் அரைப்பின் ஆவது சிமெண்டே;
நாலேழ் நாளில் நிகர்வலி எய்தி
உப்புநீர் தடுக்கும்; காற்றிற்கு நெகிழும்;
ஊர்மண் கொண்டும் உலைபுதிது இன்றியும்
பலர்கைப் படுதல் பயனெனப் படுமே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், கிளிங்கரைப் பாதியாகக் குறைத்துச் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணக்கல்லும் கூட்டியமைத்த சிமெண்டின் கூறும் ஆக்கமும் குணமும் குறையும் பயனும் உணர்த்துதல் நுதலிற்று.

ஆய்வுலகில் எல்.சி.3 என வழங்குவது இச்சிமெண்டே. இதன் ஆங்கிலப் பெயரில் 'எல்' என்னும் எழுத்தின்பின் 'சி' என்னும் எழுத்து மும்முறை அடுக்கி வருதலின் 3 என்னும் எண் பெயரின்கண் நின்றது. மூன்று பொருளால் ஆயது என்றும், மூன்றாந் தரத்தது என்றும் அவ்வெண்ணுக்குப் பொருள் கொள்வாரும் உளர்; அவை பொருந்தா. முடிபு ஆய்வோருடையது, கற்பார் நெஞ்சில் நிற்றற்பொருட்டு யாப்பு மாத்திரம் ஈண்டுச் செய்யப்பட்டது. அவ்வாய்வோர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து இ.பி.எஃப்.எல். நிறுவனத்துக் கேரன் ஸ்கிரிவனரும், கியூபாவின் சாந்தா கிளாரா நகரத்து லாஸ் வில்லாஸ் மையப் பல்கலைக்கழகத்துப் பெர்னாண்டோ மார்டிரேனாவும், அவரொடு கூடிய தில்லி ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. முதலியவற்றின் ஆசிரியரும் மாணாக்கரும் ஆவர்.

இஃது உரைக்க வேண்டிற்று என்னையெனின், உலகம் ஆண்டொன்றிற்கு ஏறக்குறைய 400 கோடி டன் சிமெண்டு ஆக்குகின்றது. மாந்தர் தொழிலால் வளியில் ஏறும் கார்பன் டைஆக்சைடில் 7 முதல் 8 விழுக்காடு இவ்வொரு பொருளின்பாற் படும். சிமெண்டு ஆக்கும் நாடுகளுள் சீனத்துக்கு அடுத்து நிற்பது இந்தியா. வீடும் பாலமும் வேண்டாவென ஒருவரும் சொல்லார்; சொல்லுதல் அறமுமன்று. ஆகலின் பொருளை விலக்காது பொருளின் கூற்றை மாற்றுதலே வழியென்பது கருத்து.

இனிச் சொல்தோறும் உரைக்கப்படும்.

"கிளிங்கர் பாதி"

கிளிங்கர் என்பது சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் பொடித்துக் கலந்து, சுழலும் நெடுஞ்சூளையில் 1450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டவழித் திரளும் கருஞ்சாம்பல் நிறத்துக் கட்டி. இதற்குத் தமிழில் பெயர் புனைதல் அரிதன்று. எனினும் அரியலூர் ஆலையில் சூளைமுன் நிற்கும் தொழிலாளர் நாவிலும் கிளிங்கர் என்னும் சொல்லே வழங்குதலின் அதுவே கொள்ளப்பட்டது. வழக்கு நிற்பப் புதுச்சொல் தேடுதல் கற்பார்க்கு இடையூறேயாம். ஜிப்சம், சிமெண்டு என்பனவும் அன்ன.

பாதி என்றது நூற்றில் 50 பங்கு. எதன் பாதி என வெளிப்படச் சொல்லிற்றிலதாயினும், பின்வரும் முப்பதும், அதனிற் பாதியாகிய பதினைந்தும், ஐந்தும் கூட்ட ஐம்பதே ஆதலின், முழுமை நூறு என்பது தானே பெறப்படும்.

நாலு பொருளுள் இதனை முதற்கண் வைத்தது என்னையெனின், வலி தருதலில் தலையாயதும் இது. வளியைக் கெடுத்தலில் தலையாயதும் இது. கெடுக்குமாறு காண்க. சுண்ணக்கல் என்பது கால்சியம் கார்பனேட்டு. இதனை 100 கிராம் எடுத்துச் சுட்டால் எஞ்சும் சுண்ணாம்பு 56 கிராம். 44 கிராம் கார்பன் டைஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போம். இப்புகை விறகினாலும் நிலக்கரியாலும் வருவதன்று, கல்லின் உள்ளிருந்தே வருவது. சூளையைக் கதிரவன் ஒளியாலே சுட்டாலும் இந்த 44 கிராம் நீங்காது நிகழும். கிளிங்கர் ஆக்குதலில் எழும் கார்பன் டைஆக்சைடில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு கல்லின் வழியது. இரண்டு பங்கே எரிபொருளின் வழியது. எரிபொருளை மாற்றினால் போதாதோ என வினாவுவார்க்கு விடை இதனுள் அடங்கும். கல்லைச் சுடுதலையே குறைத்தல் வேண்டும். அதனாற் பாதி என்றார்.

அஃதேல் முழுதும் நீக்குக எனின், அற்றன்று. கிளிங்கர் நீரொடு கூடியவழி இரண்டு பொருள் பிறக்கும். ஒன்று கால்சியம் சிலிக்கேட்டு ஹைட்ரேட்டு. கட்டடத்தின் வலியெல்லாம் பெரும்பான்மை இதன்கண்ணது. மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு. அஃதாவது நம்மூர்க் கொத்தனார் பண்டு தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பே. இந்நீறு வலிக்குப் பெரிதும் உதவாது வறிதே தங்குவது. ஆயினும் அடுத்து வரும் களிமண்ணுக்கு உணவாவது இதுவே. எனவே கிளிங்கர் இல்வழிக் களிமண்ணும் வாளா கிடக்கும்.

"இளஞ்சூடேற்ற களிமண் முப்பது"

இளஞ்சூடு என்பது 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூடு. அதுவும் இளமையோ எனின், 1450 டிகிரியை நோக்க இளையதே. அடை ஒப்புமை பற்றி வந்தது. ஏற்ற என்பது இறந்தகாலப் பெயரெச்சம். கலத்தற்கு முன்னரே சுட்டு முடிந்தது என்பது அதனாற் போந்தது.

களிமண்ணுள் வேண்டப்படும் கூறு கயோலினைட்டு. அலுமினாவும் சிலிகாவும் தகடு தகடாக அடுக்கி, அத்தகடுகளில் நீரின் கூறு பிணைந்து நிற்கும் கனிமம் அது. இளஞ்சூட்டில் அந்நீர் கழலும். எடையில் 14 விழுக்காடு நீராவியாய்ப் போம். சுண்ணக்கல் சுட்டவழிப் போவது கார்பன் டைஆக்சைடு, களிமண் சுட்டவழிப் போவது வெறும் நீர் என்னும் வேற்றுமையை மாணாக்கர் ஈண்டு நிறுத்திக் காண்க. இந்நூற்பாவின் பாதிப் பொருள் அதன்கண் உள்ளது. நீர் போனபின் தகடுகள் ஒழுங்கு குலைந்து, மெட்டாகயோலின் என்னும் பொருளாய், எதனொடும் கூட விழையும் நிலையில் நிற்கும். கிளிங்கர் உமிழ்ந்த நீற்றுச் சுண்ணாம்பைக் கண்டவழி அதனொடு கூடி மீண்டும் வலிதரு பொருளே ஆக்கும்.

சூடு குறையின் நீர் கழலாது. மண் மண்ணாகவே நிற்கும். சூடு மிகுந்து 950 டிகிரி அளவைக் கடப்பின் குலைந்த அடுக்கு வேறோர் ஒழுங்கிற் கட்டுண்டு, நீற்றொடு கூடும் விழைவை இழக்கும். இவ்விரு புறமும் விலக்குதற்கே இளஞ்சூடு என அடை கொடுத்தார்.

இஃது இன்று தோன்றிய அறிவு அன்று. செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்பொடு கூட்டிச் சுர்க்கி என வழங்கினர் நம் நாட்டார். நன்கு வெந்த செங்கல்லினும் சற்றே வேகாக் குறையுடையது சுர்க்கிக்குச் சிறந்ததென்று கொத்துத் தொழிலார் அறிந்திருந்தனர். காரணம் மேலே சொல்லிய இளஞ்சூடே. 1895-இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கூட்டிய காரையாலானது. அணையின்கண் நின்றதும் எல்.சி.3-இன்கண் நிற்பதும் ஒரு வினையே. ஆண்டுச் சுண்ணாம்பைச் சூளையிலிருந்து கொணர்ந்து சேர்த்தனர், ஈண்டுக் கிளிங்கர் தன்னுள்ளிருந்தே தருகின்றது என்பதே வேற்றுமை. முன்னோர் கைப்பழக்கத்தை இற்றை வேதியியல் அளவையால் உறுதி செய்தது கண்டு மகிழ்தல் கற்பார்க்குத் தகும்.

இனி, வெண்களி என்னாது களிமண் எனப் பொதுப்பட ஓதிய நயம் நோக்குக. வெண்களி பீங்கானுக்கும் காகிதத்துக்கும் வேண்டப்படுவது, விலை மிக்கது. கயோலினைட்டு 40 விழுக்காடு இருப்பின் அம்மண்ணே போதும் என்பது இவ்வாய்வின் முடிபுகளுள் தலையாயது. இரும்பு கலந்து சிவந்த மண்ணும், பீங்கான் செய்வார் கழித்த மண்ணும், சுரங்கத்து மேல்மண்ணாய்க் குவிந்து கிடப்பதும் இவ்வளவு கயோலினைட்டு உடையவாயின் அடங்கும். சிவந்த மண் சுட்டவழி மேலும் சிவக்கும். சாம்பல்நிறச் சிமெண்டையே நல்லதென்று எண்ணிப் பழகிய வாங்குவோர் ஐயுறுவர். அதனை நீக்குதற்குச் சூளையின் வளியைக் கட்டுப்படுத்திக் குளிர்வித்துச் சாம்பல்நிறம் வருவிப்பாரும் உளர். நிறம் வலிக்குக் காரணமன்று. எனினும் வாங்குவோர் மனமும் ஆய்வின்பாற் பட்டதே.

"சுடாஅச் சுண்ணக்கல் அதனிற் பாதி"

நூற்பாவின் உயிர்நிலை இத்தொடர். ஆகலின் விரித்து உரைக்கப்படும்.

சுடாஅ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சுடாத என்பது விரி. அளபெடை ஓசை நிறைத்தற்கு வந்ததாயினும், ஓதுவார் நாவை ஒரு மாத்திரை நிறுத்துதலின் பொருளிடத்தும் உதவிற்று. அதனிற் பாதி என்றது முப்பதிற் பாதி, அஃதாவது 15. மேலைப் பாதி நூற்றை நோக்கிற்று, இப்பாதி களிமண்ணை நோக்கிற்று. சுட்டுப்பெயர் அண்மைக்கண் நின்றதனையே தழுவும்.

சுண்ணக்கல் சூளையிற் புகாதாயின் அதன் கார்பன் டைஆக்சைடு கல்லிலேயே தங்கும். பொடித்தல் ஒன்றே அதற்குச் செய்யும் தொழில். இதுவரை யாவர்க்கும் எளிது. ஐயம் எழுவது இதன்பின்னே. சுடாத சுண்ணக்கல் நீரொடு கூடாது. தனித்து வலி தாராது. வெறும் மணல்போல் இடம் அடைக்கும். அங்ஙனமாயின் பதினைந்து பங்கு இட்டது எடை கூட்டுதற்கோ எனின், அற்றன்று.

சிமெண்டினுள் அலுமினா உள்வழிச் சுண்ணக்கல் அதனொடும் நீற்றுச் சுண்ணாம்பொடும் நீரொடும் கூடிக் கார்போஅலுமினேட்டு என்னும் படிகமாகும். இது பண்டே அறியப்பட்டது. ஆயின் வழக்கமான சிமெண்டில் அலுமினா சிறிதே உண்மையின், சில விழுக்காட்டுக்கு மேற்பட்ட சுண்ணக்கல் துணை காணாது வறிதே கிடந்தது. சுட்ட களிமண்ணோ அலுமினா மிக்கது. இரண்டையும் ஒருங்கு இட்டவழி, ஒன்றற்கு ஒன்று இல்லாதது மற்றொன்றன்கண் கிடைத்தது. படிகம் விளைந்து கலவையினுள் நின்ற வெற்றிடம் நிறைந்தது. தனித்தனியே இடின் இவ்வளவு இட இயலாத இரு பொருளை ஒருங்கிடின் இடலாம் என்பது துணிபு. இதனை 2012-இல் அன்டோனி, ரோசன், மார்டிரேனா, ஸ்கிரிவனர் என்னும் நால்வரும் வெளியிட்டனர். மெட்டாகயோலின் 30, சுண்ணக்கல் 15, ஆக 45 விழுக்காடு சிமெண்டுக்கு மாற்றாய் இட்ட கலவை, 7 நாளிலும் 28 நாளிலும் மாற்றிடாத சிமெண்டின் வலியைக் கடந்தது.

பாதி என்னும் அளவு எங்ஙனம் வந்தது? கைப்போக்கில் வந்ததோ எனின், அன்று. மெட்டாகயோலினின் மூலக்கூற்று எடை 222. கால்சியம் கார்பனேட்டின் எடை 100. ஒரு மூலக்கூற்றுக்கு ஒரு மூலக்கூறு என இணைப்பின் இரண்டுக்கு ஒன்றே ஏறக்குறைய எடையளவு. சமையலில் உப்பிடுவார் நாவை அளவாகக் கொள்வர். ஈண்டு அளவு அணுவெடையிலிருந்து பிறந்தது. இக்கணக்கு தூய மெட்டாகயோலினை நோக்கியது என்பதும் அறிக. ஊர்க்களிமண்ணில் கயோலினைட்டு பாதியே இருப்பின் சுண்ணக்கல்லில் ஒரு பகுதி கூடாது மிஞ்சும். மிஞ்சியது நுண்பொடியாய் இடைவெளி அடைத்தும், பிற படிகம் விளைதற்கு நிலமாய் நின்றும் உதவும். ஆகலின் அளவு மாறாது நிறுத்தப்பட்டது.

நற்சுண்ணக்கல் என்னாது சுண்ணக்கல் என்றதும் காண்க. கிளிங்கருக்கு வேண்டும் கல் தூயதாதல் வேண்டும்; மெக்னீசியம் மிக்க கல்லைச் சூளையில் இடின் பின்னாளிற் கட்டடம் பருத்து வெடிக்கும். ஈண்டுக் கல் சுடப்படாமையின் அத்தீங்கு இன்று. ஆலைக்காரர் சுரங்க ஓரத்தில் உதவாதென ஒதுக்கிய கல்லும் கொள்ளப்படும். சுரங்கத்தின் ஆயுள் இதனால் நீளும் என்பது குறிப்பாற் பெறப்பட்டது.

"ஜிப்சம் ஐந்தென"

ஜிப்சம் நீர்கொண்ட கால்சியம் சல்பேட்டு. இஃது இலதாயின் கிளிங்கரின் அலுமினேட்டுக் கூறு நீர் பட்டவுடன் விரைந்து இறுகும். கொத்தனார் கரண்டியிலேயே கலவை நின்றுவிடும். வழக்கமான சிமெண்டிலும் இஃது உண்டு. களிமண் தானும் அலுமினா தருதலின் ஈண்டுச் சற்று மிகுதியும் வேண்டப்படுதல் உண்டு. எனவென்பது எண்ணிடைச்சொல், கிளிங்கரையும் களிமண்ணையும் சுண்ணக்கல்லையும் தழுவிற்று.

"அளந்துடன் அரைப்பின் ஆவது சிமெண்டே"

அளந்து என்றதனால் எடையளவே கொள்ளப்படும், பருமனளவு கொள்ளப்படாது. உடன் என்னும் சொல் இருபொருட்டாய் நிற்கும். நான்கினையும் ஒரே ஆலையில் ஒருங்கிட்டு அரைத்தல் ஒன்று; வெவ்வேறாக அரைத்துப் பின் ஒன்றுபடுத்தல் மற்றொன்று. முன்னையது எளிது, செலவு குறைவு. ஆயின் சுண்ணக்கல்லும் களிமண்ணும் மெல்லிய, கிளிங்கர் வலியது. ஒருங்கிட்டவழி மெல்லியவை மாவாய் மிக நுணுகி ஆலையின் வலியை உண்ண, கிளிங்கர் பருக்கை நீங்காது நிற்கும். அதனால் வேறு வேறு அரைத்தலை விரும்புவாரும் உளர். நூற்பா இரண்டையும் தழுவி உடன் என்று நின்றது. ஆலைக்கு ஏற்றது கொள்க.

அரைப்பின் என்பது எதிர்கால வினையெச்சம். ஆவது சிமெண்டே என்பதன்கண் ஏகாரம் தேற்றம். சிமெண்டு போல்வது என்னாமையின், இது கலப்படமன்று, சிமெண்டுதானே என்று தேற்றினார். இத்தேற்றத்துக்கு நாட்டின் சான்றும் உண்டு: இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கெனத் தனித்தரம் ஒன்று வகுத்தது, ஐ.எஸ். 18189 என்னும் எண்ணினது, ஆண்டு 2023. சாம்பல் கலந்த பி.பி.சி.யையும் ஒருகாலத்துக் கலப்படமென ஐயுற்றனர். இன்று ஊர்தோறும் அதனைக் கொண்டு கட்டுகின்றனர்.

சாம்பலும் இரும்பாலைக் கசடும் இருக்க இக்களிமண் எற்றுக்கு எனின், அனல்மின் நிலையச் சாம்பல் நிலக்கரி எரியுமளவே வரும். கசடு உலகச் சிமெண்டின் அளவை நோக்கச் சிறிது. களிமண்ணுக்கு அவ்வெல்லை இன்று.

"நாலேழ் நாளில் நிகர்வலி எய்தி"

நாலேழ் என்பது உம்மைத்தொகையன்று, பண்புத்தொகையாய் நான்காகிய ஏழு எனப் பெருக்கி நின்றது. 28 என்பது பொருள். 28 என வாளா கூறாது நாலேழ் என்றது, வார்த்த கிழமையே சோதிக்கும் கிழமையாயும் வரும் என்னும் எளிமை தோன்ற. நம் நாட்டுச் சோதனையில் சிமெண்டும் மணலும் கூட்டிப் பக்கம் 7.06 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம் வார்ப்பர். அதன் முகம் ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர் ஆதலின் கணக்கு எளிது. நீரில் வைத்து, 3 நாள், 7 நாள், 28 நாள் கழித்துப் பொறியில் இட்டு நசுக்கி வலி காண்பர்.

நிகர்வலி என்றது கிளிங்கர் மிக்க ஓ.பி.சி. சிமெண்டின் வலியொடு ஒத்த வலி. எய்தி என்னும் செய்தெனெச்சம் தடுக்கும் என்பதனொடு முடிந்தது. முதல்நாளில் நிகரோ எனின், அன்று. தொடக்கத்துச் சற்றுப் பின்னிற்கும், ஏழாம்நாள் அளவில் ஒக்கும். மறுநாளே பலகை பிரிப்பார் இதனை அறிந்து செய்க.

இனி, ஆய்வின் விளைதிறன் பற்றி ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். நாலேழ் நாள் என்பதை எந்த அறிஞராலும் பதினான்கு நாளாக்க இயலாது. ஒரு மாணாக்கர் கலவையின் நீரளவைத் தவறி இட்டனராயின் அத்தவறு வெளிப்படுதற்கும் இருபத்தெட்டு நாள் ஆம். உப்பு ஊடுருவல் சோதனை அதனினும் நெடிது. வெளியில் வைத்துக் காற்றின் வினை காண்டல் ஆண்டுக்கணக்கினது. விரைவைப் பெருமையென்று கொள்ளும் இக்காலத்து, இத்துறையார் பொறுமையைக் கருவியாகக் கொண்டனர் என்பது நெஞ்சில் ஊன்றத்தக்கது. ஒன்றற்குக் காத்திருக்கும்போதே வேறு பத்து வார்த்து வைத்தலே ஆண்டுச் செய்யத்தக்க விரைவு.

"உப்புநீர் தடுக்கும்"

உப்புநீர் என்றது கடல்நீரும், கடற்காற்றின் ஈரமும், உவர்நிலத்து ஊற்றும். இவற்றின் குளோரைடு காங்கிரீட்டின் நுண்துளை வழியே புகுந்து கம்பியைத் தொட்டவழித் துரு தொடங்கும். துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். சென்னை முதலிய கடற்கரை ஊர்களில் மாடிச் சுவரின் அடியில் கம்பி தெரியப் பெயர்ந்து நிற்கும் காட்சி எவரும் கண்டது. எல்.சி.3-இன் துளைகள் படிகம் நிறைந்து நுணுகியிருத்தலின் குளோரைடு புகுதல் மிகக் குறைந்தது என்பதனைச் சென்னை ஐ.ஐ.டி.யில் மனு சந்தானம் முதலியோர் காங்கிரீட்டு வார்த்துச் சோதித்துக் கண்டனர். கரையூரில் இருப்பாரே இவ்வினாவை உள்ளுணர்ந்து கேட்பர். ஆய்வும் இடத்தொடு பொருந்தியது.

தடுக்கும் என்றது முற்றும் விலக்கும் என்றவாறன்று; நெடுங்காலம் தாழ்ப்பிக்கும் என்பது பொருள்.

"காற்றிற்கு நெகிழும்"

குறை கூறுகின்றது இது. குணம் கூறிய நூற்பாவிலேயே குறையும் கூறியது எற்றுக்கு எனின், குறை மறைத்த கூற்று ஆய்வாகாது என்பது உணர்த்துதற்கு. சிறந்த ஆய்வுரை தன் முடிபு எங்கே தளரும் என்பதனைத் தானே காட்டி நிற்கும்.

காற்று என்றது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை. நான்கனுருபு பகைப்பொருட்கண் வந்தது. காற்றின் கார்பன் டைஆக்சைடு காங்கிரீட்டுள் புகுந்து நீற்றுச் சுண்ணாம்பொடு கூடி மீண்டும் சுண்ணக்கல்லாம். கம்பியைக் காக்கும் காரத்தன்மை அதனாற் குறையும். ஓ.பி.சி.யில் நீற்றுச் சுண்ணாம்பு மிக்கிருத்தலின் அவ்வினை மெல்லச் செல்லும். எல்.சி.3-இலோ அதனைக் களிமண் உண்டுவிட்டது. தடுத்து நிற்கும் பொருள் குறைவு. வலி தந்த வினையே இக்குறைக்கும் காரணமாதல் காண்க. குணமும் குறையும் ஒரு வேரின என்பது பொருளறிவியல் கற்பார்க்குப் புதிதன்று.

நெகிழும் என்றார், அழியும் என்றிலர். நீர் விட்டு நன்கு ஆற்றுதலும், கம்பிக்கு மேற் கவர் குறையாது வைத்தலும் ஆகியவற்றால் இக்குறை அடங்கும். மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார் கையில் எச்சிமெண்டும் நெகிழும். இது முந்தி நெகிழும். மற்றும், சுட்ட களிமண் நுண்பொடியாதலின் கலவை நீர் மிகுதி வேண்டி இறுகலாய் நிற்கும். அதற்கென்று நீரைக் கூட்டின் வலி கெடும். இளக்கும் மருந்தே இடல் வேண்டும். இது நூற்பாவில் இல்லையாயினும் உரையிற் கொள்க.

"ஊர்மண் கொண்டும் உலைபுதிது இன்றியும்"

ஊர்மண் என்பது அவ்வவ் ஊரின் அண்மையிற் கிடைக்கும் களிமண். கயோலினைட்டு வெப்பமும் மழையும் மிக்க நிலத்தில் பாறை சிதைந்து விளைவது. ஆகலின் இந்தியா, கியூபா, ஆப்பிரிக்க நாடுகள், தென்கிழக்காசியா ஆகிய, இனிமேற் பெரிதும் கட்டவிருக்கும் நாடுகளிலேயே மிக்குள்ளது. தேவை உள்ள இடமும் பொருள் உள்ள இடமும் ஒன்றானது இயற்கையின் அருள் என்றே கொள்ளத்தகும்.

உலைபுதிது இன்றி என்றது, ஆலையிலுள்ள பழைய சுழல்சூளையையே குறைந்த சூட்டில் ஓட்டிக் களிமண் சுடலாம் என்றவாறு. கியூபாவில் 2013-இல் ஆலையளவிற் செய்த முதற் சோதனை பழைய சூளையிலேயே நிகழ்ந்தது. புதுச்சூளை செய்தலும் உண்டு, சிறப்புமுண்டு. ஆயின் அது கட்டாயமன்று. உம்மை இரண்டும் எண்ணும்மை. எளிய மண், இருக்கும் உலை என இரண்டையும் சேர்த்தெண்ணியது, பொருளில்லா நாடும் செய்யலாம் என்பது தோன்ற. மிக அரிய பொருளால் மிக உயர்ந்த குணம் காட்டும் ஆய்வுகள் பல. அவை ஆய்வகத்துக் குப்பியிலேயே முதிர்கின்றன. கிளிங்கரைக் குறைத்தலாலும் சூட்டைக் குறைத்தலாலும் இச்சிமெண்டில் கார்பன் டைஆக்சைடு ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு குறையும். அக்குறைவு கோடி டன் அளவில் நிகழ்தற்கு ஊர்மண்ணும் பழையவுலையும் இன்றியமையாதன.

"பலர்கைப் படுதல் பயனெனப் படுமே"

பலர் என்றது யாரையெனின், ஆலைத் தொழிலாளரையும், பொறியாளரையும், கொத்தனாரையும், சித்தாளையும், வீடு கட்டுவாரையும். ஆய்வோரை விலக்கிற்றோ எனின், அவரும் பலருள் அடங்குவர். ஆயின் அவர் கையிலேயே நிற்பின் பயனாகாது.

பயன் என்னும் சொல்லின்கண் இக்காலத்து வழங்கும் விளைதிறன் அளவைகளை நோக்கி உரைத்தல் தகும். யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளியிட்டார். எக்கட்டுரையை எவர் எடுத்தாண்டார் என்பதனைத் தேடுதற்கு அது வாயிலாயிற்று. இயற்பியலார் ஹிர்ஷ் என்பார் 2005-இல் எச்-குறியீடு வகுத்தார். ஒருவர்க்குக் குறியீடு 20 எனின், குறைந்தது இருபது மேற்கோள் பெற்ற கட்டுரை இருபது உடையர் என்பது பொருள். இவை தேடுவார்க்குக் கருவியாவன. ஆளை நிறுக்கும் துலாக்கோலாய்க் கொண்டபோது கட்டுரையைக் கூறு கூறாய் அரிந்து எண்ணிக்கை பெருக்குதல் நேர்ந்தது. நூற்பா அளவையை வேறிடத்து வைத்தது. 2012-இல் கட்டுரை, 2013-இல் ஆலைச் சோதனை, 2023-இல் இந்தியத் தரம். இடைப்பட்ட பத்தாண்டில் மண் தேடினார், சூளை ஓட்டினார், கனசதுரம் வார்த்தார், தரம் எழுதும் குழுவில் அமர்ந்து ஐயந்தீர்த்தார் பலர். அவருள் மேற்கோள் எண்ணில் இடம்பெறாதார் மிகப் பலர். ஆண்டு ஒன்றற்கு எத்தனை கட்டுரை என வினாவுவார்க்கு அவ்வுழைப்பு தோன்றாது. எத்தனை மூட்டை என வினாவுவார்க்கே தோன்றும்.

படுதல் என்பது தொழிற்பெயர் எழுவாய். செய்வித்தல் என்னாது படுதல் எனத் தன்வினையாற் கூறியது, ஆணையாலன்றித் தன் நன்மையாலேயே பரவுதல் வேண்டும் என்பது குறித்து நின்றது. எனப்படும் என்பது வழக்குரை. பயன் என்று சொல்லப்படும் என விரியும். ஈற்றேகாரம் அசை, தேற்றம் எனினும் இழுக்காது.